கயிற்றில் மரமேறும் சாமான்: எதை நாமே செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது

முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். காட்டோரத்தில் காணி. கச்சானும் சோளனும் போட்டிருக்கிறார். இருட்டினால் பன்றி இறங்குகிறது. காணி எல்லையில் நிற்கிற பெரிய பாலை மரத்தில் பரண் கட்டிக் காவல் இருக்க யோசனை. ஏணி வைத்தால் களவு போகும், இல்லையென்றால் யானை தட்டி முறிக்கும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் ஒற்றைக் கயிற்றில் தொங்கியபடி மரமேறுவதை யூடியூப்பில் பார்த்திருக்கிறார். அந்தச் சாமானின் விலையைப் பார்த்துவிட்டு, பழைய வாகனத்துச் சீற் பெல்ற், ஹாட்வெயார் கடைக் கயிறு, வெல்டிங் கடையில் வளைத்த கம்பி இவற்றை வைத்துத் தானே செய்துகொள்ளலாமா என்கிறார். அதே சாமானில் தேனும் எடுக்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

பாதியைச் செய்யலாம் தம்பி. எந்தப் பாதி என்பதற்கு என்னிடம் இருக்கிற அளவுகோல் ஒன்றுதான்: உங்கள் பாரம் எதன் வழியாகப் போகிறதோ, அது முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முடிச்சு தெரியும். சரியாகக் கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறை ஏறும்போதும் பார்த்துச் சொல்லலாம். தையலுக்குள் நூல் எந்த நிலையில் இருக்கிறது, வெல்டுக்குள் காற்றுக் குமிழி இருக்கிறதா என்பதை வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முடிச்சுப் போடுகிற வேலை எல்லாம் உங்களுடையது. உயிரைத் தாங்கும் தையலையும் இரும்பையும் வாங்கத்தான் வேண்டும்.

சட்டத்தை இரண்டு வரியில் முடிக்கிறேன். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மான், மரை, கரடி, சிறுத்தை, யானை எதிலும் கை வைக்க முடியாது. பன்றியின் கதை வேறு. அதுவும் உங்கள் காணிக்குள், அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கோடு. கோடையில் குளத்தடிக்குத் தண்ணீர் குடிக்க வரும் மானுக்காக மரத்தில் குந்தியிருக்க நினைப்பவருக்கு என்னிடம் பதில் இல்லை.

நல்ல மரம் தேடிக் காட்டுக்குள் இறங்கவும் வேண்டாம். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதற்குப் பிறகும் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்ப் பக்கங்களில் வெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்துகொண்டுதான் இருக்கிறது. மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் துப்புரவான இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆட்கள் நடந்து பழகிய காணிக்குள் நிற்கிற மரமே போதும்.

இனி அந்த அமெரிக்கர்கள் செய்வது என்னவென்று பார்ப்போம். அங்கே வில்லால் மான் வேட்டையாடுபவர்கள் மரத்தில் இரும்புத் தட்டுப் பூட்டி அதில் உட்காருவது வழக்கம். தட்டைத் தூக்கிக்கொண்டு திரிவது பாரம். பொதுக்காடுகள் பலவற்றில் மரத்துக்கு ஆணி அடிக்கவும் விடமாட்டார்கள். அதனால் ஒரு கூட்டம், இடுப்பையும் பின்பக்கத்தையும் ஏணைபோலத் தாங்குகிற அகலப் பட்டி ஒன்றை மாட்டி, மரத்தோடு கட்டித் தொங்கிக்கொண்டே காத்திருக்கப் பழகிவிட்டது. கயிற்றில் ஏறுகிற வித்தையை மரம் வெட்டும் தொழிலாளரிடமும் குகைக்குள் இறங்குகிறவர்களிடமும் இருந்து எடுத்துக்கொண்டார்கள். அங்கே வேட்டைக்காரர் காயப்படுவதற்கு மரத்திலிருந்து விழுவது பெரிய காரணங்களில் ஒன்று. அதிலிருந்து அவர்கள் படித்த விதியை அப்படியே இங்கும் எடுத்துக்கொள்ளுங்கள். கால் நிலத்தை விட்ட நேரம் முதல் திரும்ப நிலத்தில் படும் நேரம் வரை, உடம்பு எதிலாவது கட்டப்பட்டிருக்க வேண்டும். பரணில் ஏறி உட்கார்ந்த பிறகும்தான். நித்திரை வருகிற நேரம் அதுதானே.

நம்மிடம் இந்த வித்தை இல்லாமல் இல்லை. பனை ஏறுகிறவர் காலில் தளநாரும் இடுப்பில் ஏறுபட்டியும் முழுக்கக் கைச்சாமான்தான். ஆனால் தளநார் காலுக்குப் பிடிமானம் மட்டுமே தரும். கை விட்டால் அது ஆளைத் தாங்காது. அந்தத் தொழிலில் தேர்ந்தவருக்கு உடம்பே சாமான். உங்களுக்கும் எனக்கும் அது சரிவராது. துவக்கும் டோர்ச்சும் போர்வையும் கொண்டு இருட்டுகிற நேரத்தில் ஏறுகிற ஆளுக்குச் சுத்தமாகச் சரிவராது.

முதல் சாமான் கயிறு. பிழைக்கிறதும் பெரும்பாலும் இங்கேதான். ஹாட்வெயார் கடையில் நீலம், பச்சை, மஞ்சள் நிறத்தில் சுருட்டி வைத்து நைலோன் கயிறு என்று நிறுத்துத் தருவார்கள். அதில் அனேகமானது பொலிப்ரொப்பிலீன் அல்லது பொலித்தீன். ஒரு வாளி தண்ணீரில் நாலு சொட்டுச் சவர்க்காரம் விட்டு, ஒரு சாண் துண்டை அமிழ்த்திப் பாருங்கள். மிதந்தால் அது நைலோனும் இல்லை, பொலிஎஸ்ரரும் இல்லை. அவை இரண்டும் தண்ணீரைவிடப் பாரமானவை, தாண்டு போகும். மீன்பிடிக்காரருக்கு மிதக்கிற கயிறுதான் வேண்டும், அதனால் முல்லைத்தீவுக் கடைகளில் அது நிறையக் கிடைக்கும். மரமேற அது உதவாது.

ஏன் உதவாது? புதிதாக இருக்கும்போது அதன் பலம் குறைவென்று சொல்ல முடியாது. 12 மில்லிமீற்றர்க் கயிறு ஒரு ஆளை மட்டுமல்ல, மாட்டையே தூக்கும். வில்லங்கம் சூட்டிலும் வெயிலிலும் இருக்கிறது. பொலிப்ரொப்பிலீன் ஏறக்குறைய 165 பாகை செல்சியசில் உருகிவிடும். நைலோனுக்கு வகையைப் பொறுத்து 220 முதல் 260 வரை, பொலிஎஸ்ரருக்கு 255ஐ ஒட்டி. கயிற்றில் கயிறு உரசுகிற இடத்தில் சூடு எவ்வளவு சுறுக்காக ஏறுகிறது என்பது, கையுறை இல்லாமல் கிணற்றுக் கயிற்றை நழுவவிட்டவருக்குத் தெரியும். அடுத்தது வெயில். நம் பக்கத்துக் கோடை வெயிலில் மாட்டுக்கயிறு தூள் தூளாகக் கொட்டுகிறதே, அதே பொருள்தான் இதுவும். முடிச்சும் அதில் ஒழுங்காக இறுகாது, வழுக்கி அவிழும்.

தும்புக் கயிறு பற்றியும் கேட்பீர்கள். அது உள்ளே உக்கிப்போவது வெளியே தெரியாது. பரண் தடிகளைக் கட்ட மட்டும் பாவியுங்கள்.

வாங்க வேண்டியது, மேலே உறையும் உள்ளே நாரும் கொண்ட 11 மில்லிமீற்றர், அதிகம் இழுபடாத கயிறு. ஐரோப்பியத் தரம் ஈஎன் 1891, ஏ வகை என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தரத்துக்குக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். நம் பாசையில் ஏறக்குறைய 2,200 கிலோ. 75 கிலோ ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்று தோன்றும். முடிச்சுப் போட்டாலே பலத்தில் ஐந்திலொன்றும் போகும், சிலவேளை மூன்றிலொன்றுக்கு மேலும் போகும். நைலோன் நனைந்தால் பத்திலொரு பங்கோ அதற்குச் சற்றுக் கூடவோ குறையும், காலபோகம் முழுக்க மழைதானே. அதன்மேல் துள்ளல், உரசல், பழமை. இவ்வளவையும் கழித்த பிறகும் மிச்சம் இருக்க வேண்டும் என்றுதான் அந்த இலக்கம்.

இந்தக் கயிறு இழுபடாது என்பதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. இதில் தொங்கலாம், விழக் கூடாது. தளர்வாக விட்டு ஒரு மீற்றர் விழுந்தாலும் உங்கள் பாரத்தைப்போலப் பல மடங்கு அடி இடுப்பில் விழும். கயிறு தாங்கிவிடும், முள்ளந்தண்டு தாங்காது. கட்டு எப்போதும் இடுப்புக்கு மேலே, இறுக்கமாக.

இரண்டாவது ஹார்னஸ், அதாவது உடம்பில் மாட்டித் தொங்குகிற தாங்குபட்டி. இங்கேதான் சீற் பெல்ற் யோசனை வருகிறது. அந்தப் பட்டி புதிதாக இருக்கையில் நல்ல பலமான பொலிஎஸ்ரர், மறுக்கவில்லை. ஆனால் பழைய சாமான் கடையில் கிடப்பது எத்தனை வருட வெயிலைக் கண்ணாடி வழியாக வாங்கியது, வாகனம் எங்காவது மோதியபோது ஒருதரம் இழுபட்டு முடிந்ததா என்று யாருக்குத் தெரியும்? பட்டி நல்லதாகவே இருந்தாலும் அடுத்த சிக்கல் தையல். தையல்காரரின் வீட்டு மெசினில், சட்டை தைக்கிற நூலில் தைத்தால் பார்வைக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். செருப்புத் தைக்கிறவரின் தடித்த நூல் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். அதையும் என் இடுப்பில் கட்ட நான் தயாரில்லை. கட்டடம் கட்டுமிடங்களில் போடுகிற முழு உடம்பு ஹார்னஸ் கொழும்பில் பாதுகாப்புச் சாமான் கடைகளில் வாங்கலாம். வாங்கும்போது முன்பக்கம் இடுப்பு மட்டத்தில் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகு வளையம் விழுகிற ஆளைப் பிடிப்பதற்கு. அதில் தொங்கிக்கொண்டு ஏற முடியாது.

உங்கள் கைவேலைக்கு ஆசையாக இருந்தால் பலகை இருக்கை செய்யுங்கள். கப்பலில் பெயின்ற் அடிக்கிறவர்கள் தொங்குவது இதில்தான். இரண்டு அடி நீளம், பத்து அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பில் வெடிப்பில்லாத பலகை. நாலு மூலையிலும் துளை. கயிற்றை ஒரு மூலையால் இறக்கி, பலகைக்கு அடியில் குறுக்காகக் கொண்டுபோய் எதிர் மூலையால் ஏற்றுங்கள், மற்ற இரண்டு மூலைக்கும் அப்படியே. அடியில் கயிறு பெருக்கல் குறிபோலக் கிடக்க வேண்டும். இதன் புத்தி என்னவென்றால், பலகை நடுவால் பிளந்தாலும் அடியில் குறுக்கே போகும் கயிறு உங்களைத் தாங்கும். பலகை வெறும் சொகுசு. பாரம் போகிற வழி முழுக்கக் கயிறும் முடிச்சும், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து சரிந்து விழலாம் என்பதால் ஹார்னஸுக்கு மேலதிகமாகத்தான் இது. ஆனால் இரவு முழுக்க இருக்கிறவருக்கு, தொடை மரத்துப் போகாமல் இருக்க இதைப்போல வேறொன்று இல்லை.

இனி ஏறுகிற பொறி. கடையில் விற்கிற பல்லுவைத்த இரும்புப் பிடிகள் நல்லவை, விலையும் நல்ல விலை. அவற்றைப் பார்த்து வெல்டிங் கடையில் ஒன்று செய்விக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். அந்த வேலையை ஒன்றரை மீற்றர்க் கயிற்றுத் துண்டு செய்யும். கார்ல் புருசிக் என்ற ஒஸ்திரியர் 1931இல் வெளியிட்ட முடிச்சு அது, அவர் பெயராலேயே புருசிக் என்கிறார்கள்.

செய்முறை இது. 7 மில்லிமீற்றர் நைலோன் சிறுகயிற்றின் இரு நுனிகளையும் இரட்டை மீனவர் முடிச்சால் பொருத்தி வளையமாக்குங்கள். நுனிகள் மூன்று அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்கட்டும். 11 மில்லிமீற்றர்ப் பெருங்கயிற்றின் பின்னால் வளையத்தைப் பிடித்து, அதன் ஒரு பக்கத்தை மற்றப் பக்கத்துக்குள்ளால் நுழைத்துச் சுற்றுங்கள். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றும் முந்தியதற்கு உள்ளே அமர வேண்டும். இழுத்து இறுக்கியதும் ஆறு வரி ஒன்றோடொன்று ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நடுவில் ஒரு பாலத்தோடு தெரியும். வரிகள் பின்னிக் கிடந்தால் கழற்றித் திரும்பக் கட்டுங்கள், அது பிடிக்காது. பாரம் விழுந்தால் கடிக்கும். பாரத்தை எடுத்துவிட்டு நடுப்பாலத்தைப் பெருவிரலால் தள்ளினால் மேலே நகரும். சிறுகயிறு பெருங்கயிற்றைவிட மெல்லியதாக இருந்தால்தான் கடிக்கும். இரண்டும் ஒரே பருமன் என்றால் வழுக்கும். 5 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் கடித்த பிடியை விடுவிக்கப் பல்லுத்தான் வேண்டும். மழையில் நனைந்த கயிற்றில் பிடி மாறும், அன்று நாலாவது சுற்றும் போட்டுப் பாருங்கள்.

இப்படி இரண்டு வளையம். மேலது குட்டை, ஹார்னஸோடு. கீழது நீளம், கால் வைக்க. ஹார்னஸில் தொங்கிக்கொண்டு கால்வளைய முடிச்சை முழங்கால் உயரும் அளவுக்குத் தள்ளுங்கள், காலை ஊன்றி எழும்புங்கள், எழும்பிய அந்தத் தளர்வில் மேல் முடிச்சைத் தள்ளுங்கள், திரும்பத் தொங்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு முழம். கையால் இழுத்து ஏறுகிறவன் பாதியில் களைப்பான். வேலை முழுக்கக் காலுக்கு. இரண்டு மூன்று மீற்றருக்கு ஒருக்கால், கீழே தொங்குகிற கயிற்றில் 8 இலக்க வடிவ முடிச்சு ஒன்று போட்டு ஹார்னஸில் கொளுவிவிடுங்கள். புருசிக் இரண்டும் வழுக்கினாலும் அந்த முடிச்சு நிறுத்தும்.

இந்த முடிச்சில் ஒரு பொல்லாத குணம் இருக்கிறது. வழுக்கும்போது பயத்தில் மனிதன் கைக்கு எட்டியதை இறுக்கிப் பிடிப்பான். எட்டுவது அந்த முடிச்சுத்தான். முடிச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அது கடிக்காது. பிடித்த கையோடு அவன் கீழே போவான், போகிற வேகச் சூட்டில் சிறுகயிறு உருகும். கையை விட்டால் நிற்கும். இதை அறிவுக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை, கைக்குப் பழக்க வேண்டும். முழங்கால் உயரத்தில், கீழே வைக்கோல் போட்டு, வேண்டுமென்றே வழுக்கவிட்டுக் கையை விடப் பழகுங்கள். பாதம் நிலத்திலிருந்து ஒரு சாண் எழும்பிய உயரத்தில் எல்லாச் சாமானிலும் தொங்கித் துள்ளிப் பார்க்காமல் எதையும் மரத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இறங்குவதற்கும் இரும்பு வளைக்க வேண்டியதில்லை. பெரிய வாயுள்ள, பூட்டு வைத்த கரபீனர் (திறந்து மூடுகிற கொளுக்கி வளையம்) ஒன்றில் இத்தாலிய முடிச்சுப் போட்டால் கயிறு உங்கள் கைக்கு அடங்கி ஓடும், மேலே ஒரு புருசிக் காவலுக்கு. கரபீனரை மட்டும் தரமாக வாங்குங்கள், மூன்று போதும். நீளவாக்கில் 20 கிலோநியூட்டனுக்குக் குறையாத இலக்கம் உடம்பிலேயே பொறித்திருக்கும். அதே வளையம் வாய் திறந்திருந்தாலோ குறுக்காகப் பாரம் விழுந்தாலோ மூன்றிலொரு பங்குதான் தாங்கும், பூட்டு வேண்டும் என்பது அதனால். நாய்ச் சங்கிலிக் கொளுக்கி, சாவிக்கொத்து வளையம், உழவு இயந்திரத்துப் பெட்டிக் கொளுக்கி எதுவும் இந்த வேலைக்கு வராது.

கயிற்றை மேலே அனுப்புகிற சாமான் முழுக்கக் கைச்சாமான். இதில் நம் ஆட்களை அடிக்க முடியாது. அமெரிக்கர் கால் கிலோ சொச்சம் வருகிற ஈயப்பையை வழுக்கு நூலில் கட்டி வீசுவார்கள். உங்களுக்கு முல்லைத்தீவில் ஈயக்குண்டும் இருக்கிறது, தங்கூசியும் இருக்கிறது. நல்ல கெற்றப்போல் இருந்தால் சின்னக் குண்டைத் தங்கூசியோடு கொப்புக்கு மேலால் அடிக்கலாம். தங்கூசி வழியாகத் தடித்த நூல், நூல் வழியாகக் கயிறு. குண்டு திரும்பி வருகிற பக்கம் ஆள் நிற்கக் கூடாது. கொப்பில் கயிறு கிடக்கிற இடத்துக்கு, வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பின் பழைய தட்டைக் குழாயில் இரண்டடி வெட்டி உறையாகப் போட்டு இழுங்கள். கயிறும் தேயாது, மரத்தின் பட்டையும் உரியாது. கைச்சாமான் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இந்தக் குழாய்த் துண்டுதான்.

கயிற்றை எங்கே கட்டுவது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கொப்புக்கு மேலால் போட்டு மறுநுனியை அடிமரத்தில் கட்டினால், கொப்பில் உங்கள் பாரம் ஒருமடங்கல்ல, ஏறக்குறைய இரு மடங்கு விழும். 75 கிலோ ஆளுக்கு 150. துள்ளினால் இன்னும் கூட. ஒரு பக்கம் நீங்கள் இழுக்கிறீர்கள், மறுபக்கம் அடிமரம் அதே அளவு இழுக்கிறது. கொப்பிலேயே சுருக்கு விழும்படி கட்டினால் ஒருமடங்கோடு நிற்கும். ஆனால் அடிமரக் கட்டுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. மேலே உங்களுக்கு ஏதும் நடந்தால், கீழே நிற்கிறவர் கயிற்றை மெல்ல இளக்கி இறக்கலாம். மரம் நம்பிக்கையானது என்றால் நான் அடிமரக் கட்டையே விரும்புவேன். அதற்குக் கயிறு ஏறும் உயரத்தின் மூன்று மடங்காவது வேண்டும்.

மரத்துக்கு வருவோம். பாலையைத் தெரிவு செய்தது சரி. தண்ணீரில் போட்டால் தாண்டு போகிற அளவுக்குப் பாரமான வைரம் அது. முதிர்ந்த பாலை உள்ளே கோறையாக இருப்பது சாதாரணம், அதனால் கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக் கேளுங்கள். அடியில் காளான் தட்டு முளைத்திருந்தால் அந்த மரம் வேண்டாம். இலை இல்லாத கொப்பும் வேண்டாம். கயிறு போடுகிற கொப்பு உங்கள் தொடையளவு பருமனாவது இருக்கட்டும், கயிறு கவரோடு ஒட்டிக் கிடக்கட்டும். ஏறுமுன் இரண்டு பேர் ஒன்றாகத் தொங்கி ஆட்டிப் பாருங்கள். ஆற்றங்கரை மருதின் பட்டை செதில் செதிலாகக் கழன்று விழும், கால் நிற்காது. புளி என்றால் புளியங்கொப்புத்தான், பேச்சே இல்லை. ஆனால் அது வீட்டோரம் நிற்கும், காட்டோரம் குறைவு.

நம் மண்ணுக்கே உரிய ஒரு விசயமும் இருக்கிறது. சண்டை நடந்த பக்கங்களில் நிற்கிற பெரிய மரங்களில் செல் துண்டுகள் புதைந்து கிடக்கின்றன. மேலே பட்டை மூடியிருக்கும், உள்ளே அந்தக் காயத்தைச் சுற்றி உக்கல். வாள்மில்லில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள், வாள் பல்லு ஏன் போகிறது என்று சொல்வார்கள். வீங்கி, சுருங்கி, வாய்போல மூடிய தழும்பு உள்ள கொப்பில் கயிறு போடாதீர்கள். நீங்களும் ஆணி அடித்துப் புதிதாக ஒரு காயம் வைக்க வேண்டாம்.

முசுறுக் கூடு இருக்கிறதா, குளவி இருக்கிறதா என்று பகலில் பார்த்துவிடுங்கள். இரண்டு கையும் முடிச்சில் இருக்கும்போது முசுறு கழுத்தால் இறங்கினால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வைகாசி தொடக்கம் ஆடி வரை பாலை பழுக்கிற காலம், கரடியும் அதே மரத்துக்கு வரும். அவருக்குக் கயிறு தேவைப்படாது. ஏறிய பிறகு தொங்குகிற பக்கத்துக் கயிற்றை மேலே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், யானைக்குத் தொங்குகிறது எதுவும் விளையாட்டுச் சாமான். பகலில் கயிற்றை மரத்திலேயே விட்டுப் போகவும் கூடாது. வெயில் ஒரு பக்கம், அணில் கடி ஒரு பக்கம்.

துவக்கு முதுகில் போட்டு ஏறுகிற சாமான் இல்லை. தோட்டாவைக் கழற்றி, வேறு நூலில் வாய் கீழே பார்க்கக் கட்டி, நீங்கள் மேலே போய்க் கட்டிக்கொண்ட பிறகு இழுத்தெடுங்கள். இறங்கும்போது முதலில் அது, பிறகு நீங்கள். இடியன் என்கிற நாட்டுத் துவக்கை ஏற்றிக் கெட்டித்து வைத்தபடி இழுப்பதென்றால் ஏறவே வேண்டாம்.

தேன் கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். பொந்துத் தேனுக்குச் சரி, அது அனேகமாகக் கைக்கெட்டுகிற உயரத்தில்தான் இருக்கும், கயிறே தேவையில்லை. உயரக் கொப்பில் முறம் அகலத்தில் தொங்குகிற பெருந்தேன் வேறு. கலைந்தால் கூட்டமாக வந்து கொத்தும். நிலத்தில் நிற்கிறவன் ஓடுவான். புருசிக்கில் தொங்குகிறவன் ஒரு முழம் ஒரு முழமாகத்தான் இறங்க வேண்டும். அதற்குமேல் பந்தம். நெருப்புப் பொறி நைலோனில் விழுந்த இடம் உருகிக் கட்டியாகும், இருட்டில் அது கண்ணில் படாது. முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதையாக வேண்டாம். வழிவழியாக எடுக்கிறவர்களிடம் போத்தலில் வாங்குங்கள்.

தனியே ஏறக் கூடாது என்பதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. ஹார்னஸில் அசையாமல் தொங்குகிற உடம்பில் இரத்தம் காலில் தேங்கும். அரை மணி நேரத்துக்குள், சிலருக்கு அதைவிட வெகு சுறுக்காகவே, மயக்கம் வரும், உயிரும் போகும். விழாமல் தப்பியவரே தொங்கிச் சாகலாம். கால்வளையத்தைக் கழற்றாமல் வைத்திருங்கள். மாட்டிக்கொண்டால் அதில் எழும்பி நின்று நின்று காலை அசைக்கலாம். கீழே ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கு அந்த அடிமரக் கட்டை இளக்கத் தெரிந்திருக்க வேண்டும். 1990 அம்புலன்ஸ் வரும், ஆனால் காட்டோரக் காணிக்கு வழி சொல்ல சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதைப் பகலிலேயே பார்த்து வையுங்கள்.

ஒரே நேரத்தில் எல்லாம் வாங்கக் காசு இல்லை என்றீர்கள். முதலில் கயிறும் கரபீனரும். ஹார்னஸ் அடுத்த போகத்தில் வரட்டும். அதுவரை காசு சேர்கிற காலத்தில் முழங்கால் உயரத்தில் பலகை இருக்கையில் தொங்கிப் புருசிக் பழகலாம், உயரத்துக்குப் போக வேண்டாம். காவலுக்கு நிலத்தில் நாலு கால் கொட்டில் போதும். மாமாவின் படகுக் கயிறு சும்மா கிடக்கிறது, வாங்கட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்குங்கள், ஆட்டுக்கு நல்ல கயிறு. உங்கள் மரக்கயிறும் உறை கிழிந்து உள்நார் தெரிந்தாலோ, மடிக்கும்போது ஓரிடம் தட்டையாகவோ மொத்தையாகவோ தட்டுப்பட்டாலோ, அன்றைக்கே இரண்டு இரண்டு மீற்றராக வெட்டி ஆட்டுக்கயிற்றோடு சேர்த்துவிடுங்கள். முழு நீளத்தில் கொட்டிலில் தொங்கவிட்டால் வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போவார்கள்.